வலப்பக்கம் விலகும் மட்டை

மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. தலைப்பு கைக்கு வந்ததும் அதை நம்புகிறோமா என்று நாங்கள் கேட்பதில்லை. எந்த அணி என்று மட்டுமே கேட்போம். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில், இயந்திரமே மனிதனை வாழ்விக்கிறது என்று காலையில் பேசிக் கோப்பை வாங்கி, இயந்திரமே மனிதனை வீழ்த்துகிறது என்று பிற்பகலில் இன்னொரு கல்லூரியில் பேசி இன்னொரு கோப்பை வாங்கியிருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தச்சருக்கு உளிபோல, எனக்கு அது கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கத்தோடும் அதற்குரிய செருக்கோடும் ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தேன். செருக்கு அப்படியே இருந்தது, உடம்புதான் களைத்துவிட்டது.

களைப்புக்குக் காரணம் வேலையைவிடத் தூரம். ஹப்சிகுடாவில் பெண்கள் விடுதி, அலுவலகம் மாதாப்பூரில். பேருந்தில் செகந்திராபாத், அங்கிருந்து புறநகர் ரயில், இறங்கியதும் முழங்கால்கள் இடிக்கும் ஷேர் ஆட்டோ. அலுவலக வாசலில் அடையாள அட்டையைத் தேய்க்கும்போதே ஒருநாள் வேலை முடிந்துவிட்டதுபோல் இருக்கும். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும்.

எங்கள் குழுவில் மூவர். தலைவி ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தந்தைக்குப் பாலாநகர்த் தொழிற்சாலையில் மத்திய அரசு வேலை. அதனால் வீட்டுத் தமிழும் தெருவின் தக்கினி உருதுவும் ஒரே வாக்கியத்தில் அவரிடம் கைகோத்து வரும். 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு' என்பார், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'. அவரை நான் அக்கா என்பேன். இரண்டாமவர் பொள்ளாச்சிக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார். மூன்றாவது நான். அமெரிக்காவில் கோல்ஃப் விளையாட்டுப் பொருள்கள் செய்து விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் இணையக் கடையைக் கவனித்துக்கொள்வது எங்கள் பணி. பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று அவர்கள் இருவரும் சோதிப்பார்கள். பொருள்களுக்கு விளக்கம் எழுதுவது நான். மூவரில் ஒருவரும் அதுவரை கோல்ஃப் மைதானத்தின் வேலியைத் தாண்டியதில்லை.

அமெரிக்காவில் வீட்டுக்கடன்கள் சரிந்து, அதன் அதிர்வு எங்கள் மாடிக்கும் வந்து சேர்ந்த காலம் அது. மேலாளர் ஒருநாள் அக்காவை அழைத்து, அடுத்த காலாண்டிலிருந்து இந்தப் பணிக்கு இருவர் போதும் என்றார். மூன்றாமவர் பெஞ்சுக்குப் போகவேண்டும். பெஞ்ச் என்றால், கையில் திட்டம் எதுவும் இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் நிலை. அந்த ஆண்டில் பெஞ்சுக்குப் போனவர்கள் அடுத்து வீட்டுக்குத்தான் போனார்கள். அந்த மூன்றாமவர் பொள்ளாச்சி அண்ணன் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விளக்கம் எழுத ஒருத்தி வேண்டும், குழுவை நடத்த ஒருவர் வேண்டும். அவரோ, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த மனைவியையும் ஐந்து மாதப் பெண்குழந்தையையும் அழைத்துவருவதற்காக ஹப்சிகுடாவில் ஒரு மாடிவீட்டைப் பிடித்து, பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்.

அந்த நிலையில்தான் அந்தப் பெட்டி வந்தது.

பெட்டிக்குள் ஒரு மட்டை. பட்டர் என்பார்கள்: பந்தை ஓங்கி அடிப்பதற்கு அன்று, குழிக்கு அருகே கொண்டுவந்தபின் மெல்ல உருட்டி உள்ளே விடுவதற்கு. இதன் தலை, உருண்டையான கட்டையாக இல்லாமல், தகடுபோல் மெலிந்திருந்தது. தலையையும் தண்டையும் இணைக்கும் கழுத்து, வழக்கத்தைவிட நீண்டு வளைந்திருந்தது. நிறுவனத்தின் முதலாளி தாமே வரைந்த வடிவம் என்று உடன்வந்த குறிப்பு சொன்னது. விளையாட்டே அறியாதவர்களுக்கு இதை விற்க எண்ணுகிறார். ஆகவே, விளையாட்டே அறியாத நாங்கள் உருட்டிப் பார்த்து மதிப்பீடு சொல்லவேண்டும். மட்டை நன்றென்று தேறினால் அதற்கென்று இணையக் கடையில் ஒரு தனிப்பகுதி கட்டவேண்டியிருக்கும். அந்த வேலையும் எங்களுக்கே. அதாவது, மூன்றாமவர் பெஞ்சுக்குப் போகவேண்டியதில்லை.

"ஏனுங்க மேடம், இது என்னங்க, கொக்காட்டம் கழுத்து நீண்டு கெடக்குது?" என்றார் அண்ணன்.

"கொக்கோ கழுகோ, உன்னோட சோறு அதுலதான் இருக்கு. கும்பிட்டுக்கோ," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "நீ கைக்கு தூர நிக்கிறே? பாம்பா அது? புடி."

"பிடிச்சு என்ன செய்யணும்க்கா?"

"அடிக்கணும். மெல்ல. கிரிக்கெட் நக்கோ. கண்ணாடி உடைஞ்சா செக்யூரிட்டி என் தலையைக் கேப்பான்."

மென்பொருளைச் சோதிப்பவர்கள் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் கண்டேன். அக்கா சோதனைப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். மட்டையைத் தரையில் வைத்தால் தலை படிகிறதா? எதிர்பார்ப்பு: படியும். நடந்தது: படிந்தது. முடிவு: தேர்வு. தலையால் தொட்டால் பந்து நகர்கிறதா? நகர்கிறது, தேர்வு. கண்டறிந்த குறை: பிடியில் ரப்பர் வாடை. தீவிரம்: குறைவு. மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலுமா? இயலும், முகர்ந்தால். இப்படி அந்த மட்டை எல்லாச் சோதனைகளிலும் மிகச் சிறப்பாகத் தேறியது. பந்து எங்கே போகிறது என்னும் கேள்வி மட்டும் பட்டியலில் இல்லை. இணையப் பக்கத்துக்குப் போகுமிடம் என்று ஒன்று இல்லையே.

உணவுக்கூடத்துக்கும் சர்வர் அறைக்கும் நடுவே கம்பளம் விரித்த ஒரு நடைவழி உண்டு. அதன் ஒரு முனையில் காகிதக் குவளையைக் கிடத்திவைத்து, மறுமுனையிலிருந்து உருட்டுவோம். அண்ணனுக்குப் பணி குறைந்துகொண்டே வந்ததால், பகல் முழுக்க அவர்தான் அங்கே நின்றார். மாலையில் நானும் சேர்ந்துகொள்வேன். உருட்டினால், பந்து குவளையின் வலப்பக்கமாக விலகிச் சுவரில் போய் மோதும். மறுபடி உருட்டினால், மறுபடியும் வலப்பக்கம்.

"தரை சரிவுங்க," என்றார் அண்ணன்.

எதிரணியில் நின்று பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். குவளையை எடுத்து நடையின் மறுமுனையில் வைத்தேன். சர்வர் அறைப் பக்கமிருந்து உருட்டினேன். குற்றம் தரையினுடையது என்றால், திசை மாறியதும் பந்து என் இடப்பக்கமாக விலகவேண்டும். அது வலப்பக்கமே போனது. அண்ணனை உருட்டச் சொன்னேன். வலப்பக்கம். அக்காவை இழுத்துவந்தோம். அவருக்கும் வலப்பக்கம்.

அண்ணன் தண்டைச் சுட்டுவிரலின் மேல் கிடத்திச் சமன் செய்து காட்டினார். கழுத்து ஒரு பக்கம் நீண்டிருக்க, தகட்டின் முனை, பேருந்தில் தூங்குபவரின் தலைபோல் கீழ்நோக்கிச் சாய்ந்தது. முனை கனத்திருப்பதால், நாம் மட்டையை நேராக முன்னே தள்ளும்போது தலை திரும்பப் பிந்துகிறது. பந்தைத் தொடும் கணத்தில் அதன் முகம் வலப்பக்கம் பார்த்திருக்கிறது. கையை விசிறிபோல் வளைத்து வீசத் தெரிந்தவருக்கு இதுவே நல்ல மட்டையாக இருக்கலாம். தெரியாதவருக்கு அன்று. ஆனால் இதைத் தெரியாதவர்களுக்குத்தான் விற்கப்போகிறார்கள்.

"அம்மிணி, தரைன்னே எழுதிப்போடுங்களேன்."

"தரைன்னா அந்தப் பக்கம் நின்னு அடிக்கையில இடது பக்கம்லாண்ணே போவணும்."

"போகோணும். போகலை. தெரியுதுங்க. நானும் ஒரு வாரமா அதையேதான பாக்கறேன்." மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கம்பளத்திலேயே உட்கார்ந்தார். "ஊட்டுல நேத்து போன் பண்ணாங்க. பாப்பாவுக்கு இங்க குளிருமான்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

அக்காவின் கருத்து தெளிவாக இருந்தது. "நம்மகிட்ட கேட்டது என்ன? புதுசா புடிக்கிறவங்க அபிப்ராயம். புடிச்சிருக்குன்னு சொல்லு. ஹவ், அவ்ளோதான்."

"பந்து வலப்பக்கம் போவுதேக்கா."

"போகட்டும். நம்ம ஆளு வெளியே போகாம இருக்கணும்ல? வியாழக்கிழமை முதலாளியோட போன் கால்ல நீதான் பேசப்போறே. மேடையில கோப்பை வாங்கினேன், கோப்பை வாங்கினேன்னு தினம் காதுல ஓதுறியே, அந்தக் கோப்பை ஒருநாளாவது ஒருத்தருக்குச் சோறு போடட்டும்."

எனக்கு அணி கிடைத்துவிட்டது. அன்றிரவு விடுதிக்குத் திரும்பும் ரயிலில், கம்பியைப் பிடித்து நின்றபடியே உரையைக் கட்டினேன். கட்டுவது கடினமாக இல்லை. முதலில் கண்: நீண்ட கழுத்தால் தண்டு பார்வைக்குக் குறுக்கே நிற்பதில்லை. அடுத்து கை: மெல்லிய தகடு பந்தைத் தொட்ட செய்தியை உள்ளங்கைக்கு உடனே அனுப்புகிறது. நிறைவாக மனம்: வடிவம் எளிது, எளியது அச்சமூட்டாது, அச்சம் நீங்கியவன் மீண்டும் ஆடவருவான். ஒவ்வொன்றும் உண்மை. உண்மைகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது எங்கள் கலையில் பாதி.

வியாழன் மாலை, கான்ஃபரன்ஸ் அறையில் மேசை நடுவிலிருந்த தொலைபேசியைச் சுற்றி மூவரும் அமர்ந்தோம். மறுமுனையில் முதலாளி, வயதானவர் என்பது குரலில் தெரிந்தது. அங்கே காலை நேரம். கோப்பையில் கரண்டி சுழலும் ஓசை கேட்டது. நான் பேசினேன். மொழி ஆங்கிலம்தான், ஆனால் அதன் எலும்பு பாளையங்கோட்டை மேடையினுடையது. கண், கை, மனம் என்று ஏறி, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி, இறங்கினேன். அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி நன்றி சொன்னார். அழகாகச் சொன்னீர்கள் என்றார். பிறகு, நேரம் என்ன என்று விசாரிப்பவர்போல, "எந்தப் பக்கம் தவறுகிறது?" என்று கேட்டார்.

தவறுகிறதா என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. எல்லா மட்டையும் ஏதோ ஒரு பக்கம் தவறும் என்பதை அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டு, திசையை மட்டும் கேட்டார். என் ஆயுதச்சாலையில் அதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் அவகாசம் வேண்டும் என்றேன். அக்கா சட்டென்று பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டோம். நம் குரல் அங்கே போகாது என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் எத்தனையோ போர்கள் அந்தச் சிவப்பு விளக்கின் பாதுகாப்பில் தமிழில் நடந்திருக்கின்றன.

"ரெண்டு பக்கமும் சமமா போகுதுன்னு சொல்லு," என்றார் அக்கா.

"அப்படிப் போவலியேக்கா!"

"ரைட் சைடுன்னு சொன்னா லான்ச்சை ட்ராப் பண்ணிருவாருங்க," என்றார் அண்ணன். குரல் உயர்ந்திருந்தது. "லான்ச் இல்லைன்னா நியூ வொர்க் இல்லைங்க. என் ஜாப் காலிங்க. வைஃபும் பேபியும் நெக்ஸ்ட் வீக் ட்ரெயின் ஏறப்போறாங்க!"

பதற்றத்தில் நான் மேடைத் தமிழுக்குத் தாவிவிட்டேன். "மறைப்பதால் நிலைக்கும் பிழைப்பு எத்தனை நாள் நிலைக்கும், அண்ணே? வாங்குபவன் முதல் நாளே கண்டுகொள்வான். பழி நம் மூவர் மீதும் விழும்."

"அம்மிணி, இது மேடை இல்லீங்க. மைக்கும் இல்லீங்க."

"அவளைப் பேசவிடு."

"பேசிப் பேசித்தானுங்க இங்க வந்து நிக்குது!"

தொலைபேசி இருமியது.

மூவரும் அதைப் பார்த்தோம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முதலாளி மெதுவாகப் பேசினார். உங்கள் மொழி எனக்குத் தெரியாது, மன்னிக்கவேண்டும் என்றார். ஆனால் ரைட் சைட் என்பது புரிந்தது. லான்ச் என்பது புரிந்தது. ஜாப் என்பதும் பேபி என்பதும் புரிந்தன. பிறகு கேட்டார்: "யாருடைய குழந்தை?"

கலப்பின்றித் தமிழ் பேசுகிறேன் என்பது என் பெருமைகளுள் ஒன்று. அந்தச் சண்டையில் நான் சொன்ன ஒரு சொல்லும் கடலைத் தாண்டவில்லை. அண்ணனின் பேச்சு முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியை முன்னே இழுத்துத் தொலைபேசியிடம் குனிந்தார். அவருடைய ஆங்கிலம் அலங்காரமற்றது.

"என் குழந்தை, சார். ஐந்து மாதம். மட்டை வலப்பக்கம்தான் போகிறது, சார். ஒவ்வொரு முறையும். இரண்டு முனையிலிருந்தும் அடித்துப் பார்த்துவிட்டோம்."

கரண்டியின் ஓசை நின்றுவிட்டது. இரண்டு முனையிலிருந்துமா என்று முதலாளி கேட்டார். ஆம் என்றார் அண்ணன். எத்தனை பேர் அடித்தீர்கள், தரை எப்படி, பந்து தொடக்கத்திலேயே விலகுகிறதா, போகப்போக விலகுகிறதா என்று கேள்விகள் வந்தன. தொடக்கத்திலேயே என்றார் அண்ணன். விரலில் கிடத்தியபோது முனை சாய்ந்ததைச் சொன்னார். தன் வேலையைத் தானே அறுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், அதை இவ்வளவு ஒழுங்காகச் செய்ததை நான் பார்த்ததில்லை. 

இறுதியில் முதலாளி, இந்தக் கழுத்தோடு இதைப் புதியவர்களுக்கு விற்கமாட்டேன் என்றார். கழுத்தைக் குறைத்து இன்னொன்று செய்யச் சொல்கிறேன், அதுவும் உங்களுக்கு வரும், அதை உருட்டிப் பார்க்க இந்த மனிதர் ஒரு மாதத்துக்கு வேண்டும் என்று உங்கள் மேலாளரிடம் கேட்கிறேன் என்றார். பிறகு சற்று நிறுத்தி, அதற்குமேல் என்னால் வாக்குக் கொடுக்க இயலாது, இங்கேயும் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். அழைப்பு முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"லைட் எரிஞ்சுதே! கைக்கு கேட்டுச்சு அவருக்கு?" அக்கா தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். போன வாரம்தான் பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தார்கள். புதியதில் சிவப்பு என்றால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருளாம். அக்கா அழுத்தியது வேறேதோ பொத்தான், ஒலியை அடக்குகிற பொத்தான் பக்கவாட்டில், ஒரு நகத்தின் அளவில் இருந்தது. அக்காவின் முகம் வெளுத்தது. "அப்போ... போன வாரம் அவரைக் கெழட்டுக் கொரங்குன்னு சொன்னேனே?"

"அதுல இங்கிலீஷ் ஒண்ணும் இல்லைங்க மேடம். தப்பிச்சீங்க," என்றார் அண்ணன்.

அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே தாடை வலித்தது. அண்ணன் சிரிக்கவில்லை, நடைக்குப் போய்க் காகிதக் குவளையை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் மேலாளர் அந்த ஒரு மாதத்தை ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் என்பதை அவர் இருமுறை சொன்னதாக அக்கா சொன்னார். வீடு திரும்பும்போது ரயிலில் நானும் அண்ணனும் ஒன்றாக வந்தோம். உட்கார இடம் கிடைத்தது. நான்தான் கேட்டேன்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணப்போறியளாண்ணே?"

"அதையேதானுங்க யோசிக்கறேன்." சன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒரு மாசத்துல பாப்பா குப்புற விழுகப் பழகிரும். அதை நான் போன்ல கேக்கோணுமா? வரட்டுமுங்க."

நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு என்னிடம் வாதங்கள் இருந்தன. ஒரு மாத வாடகை, இரட்டைப் பயணம், குழந்தையின் உடல்நலம் என்று மூன்று தலைப்புகளில் உடனே பேசியிருப்பேன். அவை மூன்றும் அவருக்குத் தெரியும் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அடுத்த வாரம், விடிந்து சற்று நேரத்தில், செகந்திராபாத் நிலையத்துக்கு நானும் போனேன். பைகள் நிறைய இருக்கும், ஒரு கை கூடுதலாக இருந்தால் நல்லது என்று அண்ணன் கேட்டிருந்தார். ரயில் தாமதம். நடைமேடையில் நின்றபடியே நான் ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டேன். ரயில் வந்து நின்றதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் ஏறி, முதலில் பைகளையும், பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியையும், கடைசியில் மனைவியையும் இறக்கினார். குழந்தை மனைவியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் அந்தப் பேச்சாளர் அம்மிணியா?" என்றார் மனைவி. பயணக் களைப்பிலும் கண்ணில் குறும்பு இருந்தது. "நல்லதாப் போச்சு. இவரு இங்க என்ன வேலைதான் பாக்கறாருன்னு நீங்களாச்சும் தெளிவாச் சொல்லுங்க. போன்ல கேட்டா பந்து உருட்டறேங்கறாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் இன்னும் சொல்லவில்லை என்பது புரிந்தது.

"அது நெசந்தான்," என்றேன். 

"அடக் கடவுளே. பந்து உருட்டவா இத்தனை தூரம்? எத்தனை நாளைக்குங்க இந்த உருட்டு?"

"ஒரு மாசத்துக்கு," என்றார் அண்ணன்.

அவர் மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார். பக்கத்துப் பெட்டியிலிருந்து யாரோ சுமைக்காரரைக் கூவி அழைத்தார்கள்.

"அப்பறம்?"

"அப்பறம் வேற ஏதாச்சும் உருட்டோணும்."

 மனைவி குழந்தையைத் தோளிலிருந்து மெல்லப் பிரித்து எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மொதல்ல இவளைப் புடிங்க. ராத்திரியெல்லாம் வெச்சிருந்து கை ஒடிஞ்சுபோச்சு."

அண்ணன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நான் கனமான பையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால், வெளிவாசல் இருக்கும் திசையில் நடந்தேன்.